கோழி கெளறுன பேச்சு

மழ பேஞ்சு உட்ட ஒரு வெடியால, எல்லா ஊர்லயும் நடக்குறதுதான் வேலாங்காட்டுப்புதூர்லயும் நடந்துக்கிட்டிருந்துச்சு, பால்வண்டி வந்துச்சு, கொழாயில தண்ணி வரல, மயிலாத்தா மதில் மேல ரெண்டு கையையும் ஊணி அடுத்த ஊட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காளிய எட்டிப் பாத்துக்கிட்டு நின்னா, அந்தப் பொடக்காளியில துளசிமணியோட செவலக் கோழி ஒண்ணு முருங்க மரத்தடி ஈர மண்ணக் காலால ரெண்டு இழுப்பு இழுத்துச்சு, இழுத்த பள்ளத்துல புழு வர வேண்டிய எடத்துல ஒரு பேச்சு வந்துச்சு.

"புருசன் போயி இத்தன நாளாச்சு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே. கல்லாட்ட ஒக்காந்திருக்கறா பாரு."

மயிலாத்தா கொரலு. அந்த இழுவ, கடைசியில வர்ற அந்தப் பெருமூச்சு, எல்லாம் அச்சு அசலா மயிலாத்தாதான். கோழி தலையச் சாய்ச்சு ஒத்தக் கண்ணால அந்தப் பேச்சப் பாத்துச்சு, கொத்துச்சு, முழுங்குச்சு, கொண்டையச் சிலுப்பிக்கிட்டு அந்தாண்ட போயிருச்சு.

துளசிமணி தவிட்டுச் சட்டியோட நின்னா. மதிலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தா நின்னா.

"அத நாஞ் சொல்லல," ன்னா மயிலாத்தா.

"செரிங்க்கா."

"உன்ற கோழி சொல்லுச்சு."

"செரி."

"வெடியாலயே என்ன வாயி பாரு அதுக்கு. அறுத்துக் கொழம்பு வெய்யி, அடங்கும்."

துளசிமணி தவிட்ட வெச்சுட்டு உள்ள போயிட்டா. அவளுக்குக் கோவம் வரல. கோவம் வர்ற எடத்தத் தொட்டுப் பாத்தா, பல்லுப் புடுங்குன அன்னிக்கு ஒதட்டத் தொட்ட மாதிரி இருந்துச்சு, தொடுற வெரலு தெரிஞ்சுது, ஒதடு தெரியல.

ஊருக்கும் இது பெருசாத் தெரியல. அந்தப் பக்கத்துல பங்காளிச் சண்டையோ பைப்புச் சண்டையோ, எப்புடி ஆரம்பிச்சாலும் கடைசியில ஒருத்தரு எந்திரிச்சு "பழச கெளறாதீங் சாமி" ன்னு சொல்வாரு, ஒடனே எல்லாரும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாங்க, அப்புடித் தலமொற தலமொறயா மனுசங்க கெளறாம வெச்சிருந்தத இப்பக் கோழி கெளறுச்சு, கோழிக்கு அந்த மரியாதைய யாரும் சொல்லிக் குடுக்கல, விசயம் அவ்வளவுதான். மத்த ஊட்டுக்காரங்க அவங்கவங்க பொடக்காளியிலயும் கோழிய எறக்கி உட்டுப் பாத்தாங்க. அங்கெல்லாம் புழுதான் வந்துச்சு. துளசிமணி ஊட்டு மண்ணுலதான் பேச்சு வந்துச்சு, அதுக்கும் ஊருகிட்ட காரணம் இருந்துச்சு, அந்தக் காரணம் பேரு நாச்சிமுத்து.

துளசிமணி புருசன் நாச்சிமுத்து பேசுற ஆளில்ல, கேக்குற ஆளு. யாரு என்ன சொன்னாலும் "ம்" ம்பாரு. அந்த ம்-முக்குள்ள ஆமாவும் இருக்கும் இல்லயும் இருக்கும், வேணுங்கறத அவங்கவங்க எடுத்துக்கலாம். அதுனாலயே பொழுதோட ஆச்சுன்னா ஊரு மொத்தமும் ஒவ்வொருத்தரா சந்து வழியா வந்து அந்த முருங்க மரத்தடியில குத்த வெச்சு, மாமியாளத் திட்டி, மருமகளத் திட்டி, மனசுல கெடக்குற அத்தனையும் கொட்டிட்டு, லேசாகி, வந்த வழியாவே போகும். அவரு கேட்டுக்குவாரு. அவரு காதுக்குள்ள போனது போவ மிச்சமெல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்குதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.

சித்திர மாசத்துல ஒரு நாளு வாய்க்கா மேட்டுல நடந்துக்கிட்டிருந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள விழுந்தாரு. சட்டப் பையில இருந்த போனும் அவரோடவே விழுந்துச்சு. ரெண்டையும் தூக்கி மேட்டுல போட்டாங்க, ரெண்டுமே எந்திரிக்கல.

அன்னிக்கிருந்து துளசிமணி சோறாக்குனா, தின்னா, ருசி தெரியல, பரவால்லன்னு பாத்திரங் கழுவுனா. ஒரே மக ஒசூர்ல வாக்கப்பட்டிருந்தா. அவ வந்து பாத்துட்டு, "அம்மா, நீ எதையாச்சும் பாத்துக்கிட்டிருந்தாத்தான் ஆகும்" ன்னு செவலையும் கருப்புமா ஒரு கூட்டம் நாட்டுக்கோழி வாங்கி, முருங்க மரத்தச் சுத்தி வல கட்டி, பக்கத்துல தகரத்துல ஒரு கூடும் அடிச்சுக் குடுத்தா. தரைக்கு மட்டும் ஒண்ணும் பண்ணல. "அத நீயே பாத்துப் போட்டுக்க" ன்னுட்டுப் போயிட்டா, அம்மாளுக்கு ஒரு வேல மிச்சமிருக்கட்டும்னு.

மழ புடிச்சதும் தர சேறாச்சு. சேத்துல கோழிங்க கால் பூந்து பூந்து எந்திரிச்சுச்சுங்க, வெள்ளையா கழிஞ்சுச்சுங்க, ஒரு கருப்புக் கோழி கண்ண மூடிக்கிட்டே நின்னு நின்னு, நின்ன எடத்துலயே செத்துப்போச்சு. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து செருப்புல ஒட்டுன சேத்தக் கல்லுல தேச்சுக்கிட்டே சொன்னாங்க.

"மருந்து நாங் குடுக்கறேன், ஆனா தரைய மாத்தலீன்னா அத்தனையும் போயிரும். ஒண்ணு காரை போடுங்க. இல்லீன்னா மணலு, உமி, மரத்தூளு, எதாச்சும் ஒண்ண ஒரு சாண் கனத்துக்குக் கொட்டுங்க. கால் காயணும், அவ்வளவுதான்."

சொல்லிட்டுத் திரும்பறப்ப கோழி ஒண்ணு கெளறுச்சு. "அந்த டாக்டரம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாது, ஊசி போடறப்ப மாட்ட உட்டுட்டு மாட்டுக்காரன அமுக்கிப் புடிக்கறா" ன்னு ஒரு ஆம்பளக் கொரலு வந்துச்சு. டாக்டரம்மா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கே கிட்டுசாமி வந்துட்டாரு. நாச்சிமுத்துக்குப் பங்காளி மொற, தம்பியாவணும். அந்தப் பக்கம் அண்ணன் பொண்டாட்டிய நங்கைன்னுதான் கூப்புடறது.

"நங்கைங், காரையே போட்டர்லாம். ஜல்லி, சிமிட்டி, ஆளு, எல்லாம் நாம் பாத்துக்கறனுங். நீங்க டீ கூட வெக்க வேண்டாம். பொழுதுக்குள்ள மழுங்க இழுத்து உட்டா, கழுவித் தள்ளிக்கலாம், கோழியும் சொகமா இருக்கும், ஊரும் சொகமா இருக்கும்."

ஊருக்கு என்ன சொகம்னு துளசிமணி கேக்கல, கேக்காமலே தெரியும். கிட்டுசாமி கோயில் கமிட்டித் தேர்தல்ல நிக்கறாரு. தர்மகர்த்தா திருநீறு பூசுறதையும், பூசிக்கிட்டே உண்டியலப் பாக்குறதையும், மூக்கால மந்திரம் சொல்றதையும் அந்த முருங்க மரத்தடியில நாச்சிமுத்துக்கு நடிச்சுக் காட்டுனவரு அவரு. அந்தக் கூத்து எந்த ஆழத்துல கெடக்குதுன்னு தெரியாம அவருக்குத் தூக்கம் போச்சு. ஏன்னா மண்ணுல பேச்சு அடுக்கா இருந்துச்சு, நேத்து பேசுனது மேல, போன மாசம் பேசுனது அதுக்குங் கீழ, கோழி கெளறக் கெளற ஊரு பின்னால பின்னால போய்க்கிட்டிருந்துச்சு, கெளறி வெளிய வந்தது ஒரு தடவதான் கேக்கும், கேட்டு முடிக்கறதுக்குள்ள கோழி கொத்தி முழுங்கிரும், அப்பறம் அது எங்கயும் இருக்காது.

"யோசிச்சுச் சொல்றனுங்க தம்பி," ன்னா துளசிமணி.

அவளுக்கு யோசிக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நாச்சிமுத்து எல்லாரும் போனதுக்கப்பறம், சோறு திங்கப் போறதுக்கு முன்னால, அதே முருங்க மரத்தடியில போனக் காதுல வெச்சுக்கிட்டு, பெருவெரலால மண்ணக் கீறிக்கிட்டு, தினமும் சித்த நேரம் மெதுவாப் பேசுவாரு. ஊருல எவன்கிட்டயும் பேசாத ஆளு அந்தப் போன்ல மட்டும் வாக்கியம் வாக்கியமாப் பேசுவாரு. துளசிமணி கதவுகிட்ட வந்தா வெச்சுருவாரு. உடுமலப் பக்கம் எவளோ இருக்கறாள்னு ஊரு சொல்லுச்சு. துளசிமணி கேட்டதில்ல. கேக்கலாம் கேக்கலாம்னு இருக்கறப்ப வாய்க்காலுக்குள்ள போயிட்டாரு. இப்ப அது முருங்க மரத்தடியில, இன்னும் ஒரு சாணோ ரெண்டு சாணோ கீழ கெடக்குது. காரை போட்டா அதோட போச்சு. சும்மா உட்டா அது வர்றதுக்குள்ள கோழி செத்துரும், கெளறுறதுக்கு ஆளிருக்காது.

அதுனால அவ தரை தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சா. கோழி காலும் காயணும், மண்ணும் வாயடைக்கக் கூடாது, அப்புடி ஒண்ணு இருக்குதான்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா.

மயிலாத்தா கொழுந்தன் நார் மில்லுல இருந்து தேங்கா நாருத்தூளு கொண்டாந்து எறக்குனான், மெத்து மெத்துன்னு இருந்துச்சு, ஆனா அது ஈரத்தையெல்லாம் குடிச்சுட்டு ஊறிப் போயி, கீழருந்து வர்ற பேச்சும் ஊறிப் போயி, வாய் நெறயச் சோத்த வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி வந்துச்சு, ஒரு "வாங்க" வெளிய வர்றதுக்குள்ள ஒரு மத்தியானம் போச்சு. அத அள்ளித் தென்ன மரத்துக்குப் போட்டுட்டு மணலு கொட்டுனா, மணல்ல கோழி சந்தோசமா பொரண்டுச்சு, ஆனா பேச்சு மணல்ல நிக்காம எழுத்தெழுத்தா ஒதுந்துபோச்சு, ஒரு "க" வந்துச்சு, அந்தாண்ட ஒரு "ழு" வந்துச்சு, பொழுது சாயறப்ப ஒரு "தை" வந்துச்சு, ஊரே ஒக்காந்து அதச் சேத்துப் பாத்துட்டு, யாரு யாரச் சொன்னதுன்னு தெரியாம ரெண்டு ஊட்டுக்காரங்க பேச்சுவார்த்தைய நிறுத்திக்கிட்டாங்க. மணல அள்ளிட்டுக் கடலத் தோலு போட்டா, அதுல வர்ற பேச்செல்லாம் மொறுமொறுன்னு நொறுங்கி, "ஒடம்பப் பாத்துக்கங்" ன்னு சொன்னதுகூடப் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்ன மாதிரி இருந்துச்சு. மரத்தூளு போட்டா, பேச்சு தும்முச்சு.

ஒவ்வொரு தரையும் அள்ளி அடுத்தது போடறதுக்கு நடுவுல, மண்ணு வெறுமனே கெடக்குற நேரத்துல கோழிங்க அவசர அவசரமா கெளறுச்சுங்க, ஊரும் கொஞ்சங் கொஞ்சமா பின்னால போச்சு.

ஊரு அதுக்குத் தக்கன நடந்துக்கிச்சு. பேச வேண்டியத மொட்ட மாடிக்குப் போய்ப் பேசுனாங்க. மாடி இல்லாதவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னால கீழ பாத்துக்கிட்டாங்க. பொழுதோட ஆனா மடக்கு நாற்காலியோட வந்து வலைக்கு வெளிய ஒக்காந்தாங்க, அவங்கவங்க பேச்சு வந்தா எந்திரிச்சு, இருமி, சத்தமா மழையப் பத்திப் பேசி அத மூடுனாங்க, அடுத்தவங்க பேச்சு வந்தா கம்முனு ஒக்காந்து கேட்டாங்க. மருமகள் சொன்னத மாமியா கேட்டா, கேட்டுட்டு ஊட்டுக்குப் போயி ரெண்டு பேரும் சேந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சந்தகம் புழிஞ்சாங்க, வேற என்ன பண்றது. நல்ல பேச்ச முழுங்குன கோழி எதுன்னு அடையாளம் வெச்சுக்கிட்டு அது உட்ட முட்டையப் புள்ளத்தாச்சிக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. கெளறக் கெளற மண்ணுல நாச்சிமுத்து எழவு நாளு வந்துச்சு. அன்னிக்கு அந்தப் பொடக்காளியில நின்னு அழுத அழுகையெல்லாம் கோழி கால்ல பட்டுப் பட்டு மேல வந்துச்சு, மயிலாத்தா அழுகை, மக அழுகை, யாருன்னே தெரியாத தூரத்துச் சொந்தக்கார ஒறம்பரைங்க அழுகை. அதுல துளசிமணி கொரலு மட்டும் இல்ல. எல்லாருங் கவனிச்சாங்க. துளசிமணியுங் கவனிச்சா, அடுப்புல பாலு இருக்குதுன்னு உள்ள போயிட்டா.

அதுக்குள்ள இன்னொரு கோழியும் செத்துருச்சு. கிட்டுசாமி ஒரு டிராக்டரு ஜல்லியக் கொண்டாந்து சந்துல கொட்டுனாரு.

"நங்கைங், இதுக்கு மேல தாங்காதுங். கோழி பாவம். கோழிக்காகத்தானுங் சொல்றேன்."

"கோழி மேல உங்களுக்கு எப்பருந்துங்க தம்பி இத்தன பாசம்?" ன்னு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மயிலாத்தா கேட்டா.

"உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நீ பேசுனதெல்லாம் வந்துச்சுன்னா ஊருல ஒரு ஊட்டுலயும் உனக்கு மோரு ஊத்த மாட்டாங்க."

மயிலாத்தா மதில்ல ஊணியிருந்த கைய எடுத்தா. "துளசி, காரையே போட்டுக்க சாமி," ன்னா.

"வெள்ளிக்கெழம போட்டுக்கலாம்," ன்னா துளசிமணி. அது வரைக்கும் மரத்தூளையும் அள்ளிட்டு வெறும் மண்ணா உட்டா.

வியாழக்கெழம பொழுதோட, செவலக் கோழி முருங்க வேருக்குப் பக்கத்துல கால வெச்சு இழுத்துச்சு. நாச்சிமுத்து கொரலு வந்துச்சு.

"ம்."

நாற்காலியில இருந்தவங்க எல்லாரும் முன்னால சாஞ்சாங்க.

"ம். சாப்ட்டா."

"யாரு சாப்ட்டா?" ன்னாரு கிட்டுசாமி.

"கம்முனு இருங்," ன்னாங்க மத்தவங்க.

"பச்சப்பயிறு கடஞ்சா. ரெண்டு வாயி தின்னுட்டு எந்திரிச்சுட்டா. முட்டி வலிதானுங். எண்ண போட்டு உட்டேன்... ம்... ம்... அதெல்லாம் இருக்குதுங்... செரி, வர்றா, வெச்சர்றேன்."

கோழி முழுங்கிருச்சு.

போனுக்கு அந்தப் பக்கம் பேசுன பேச்சு இந்த மண்ணுல விழலயே. இந்தப் பக்கத்துப் பாதிதான் இருந்துச்சு. மறு பாதிய ஊரு போட்டுக்கிச்சு. உடுமலக்காரிதான்னாங்க. உடுமலக்காரி எதுக்கு இவரு பொண்டாட்டி சாப்ட்டாளான்னு கேக்கறான்னு ஒருத்தரு கேட்டாரு. "அவ கெட்டிக்காரியா இருப்பா" ன்னாரு கிட்டுசாமி. கருப்புக் கோழி பக்கத்துல இன்னொரு இழுப்பு இழுத்துச்சு.

"பொட்டுக்கடலைக்குக் காய்ச்சல் உட்ருச்சுங். ம். கஞ்சி குடிச்சுது... இல்லீங், பேரெடுத்தாலே எந்திரிச்சுப் போயர்றா. நான் என்னன்னு சொல்லட்டும்... நீங்க அவசரப்படாதீங் மச்சான். ஒரு நாளைக்கி அவளே வருவா."

மச்சான்ங்கறதுல ஊருக்கு ஒண்ணும் பிடிபடல, நாச்சிமுத்து பஸ்ஸு கண்டக்டரயே மச்சான்னுதான் கூப்புடுவாரு. பொட்டுக்கடலையிலதான் எல்லாரும் நின்னாங்க.

"யேவாரம் பண்ணியிருக்கறாரு நமக்குத் தெரியாம," ன்னாரு கிட்டுசாமி. "பொட்டுக்கடல கமிசன். அடப் பங்காளி, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு மூட்ட எடுத்திருப்பனே."

"காய்ச்சல் வர்ற பொட்டுக்கடலய எந்தக் கடயில விக்கறாங்க?" ன்னா மயிலாத்தா.

"அது யேவார பாசை. வெல எறங்குனா காய்ச்சல் உட்ருச்சும்பாங்க."

"கஞ்சி குடிச்சுதுன்னா?"

"ஸ்டாக்கு நனஞ்சுருச்சுன்னு அர்த்தம்."

 பொட்டுக்கடலைன்னு இந்த ஒலகத்துல துளசிமணியக் கூப்புடறது ஒரே ஒருத்தருதான். சின்னப்புள்ளையில பாவாடையில பொட்டுக்கடலய முடிஞ்சுக்கிட்டு, கேட்டாலும் ஒண்ணு குடுக்காம, ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னவளுக்கு அந்தப் பேர வெச்சது அவளோட அண்ணன் சென்னியப்பன், காங்கயம் பக்கம் டெம்போ ஓட்டுறவரு. போனுக்கு அந்தப் பக்கம் தெனமும் இருந்தது அவருதான். அவ சாப்ட்டாளா, தூங்குனாளா, முட்டி எப்புடி இருக்குதுன்னு கேக்கறதுக்காக.

அண்ணனும் தங்கச்சியும் பேசி வருசக்கணக்காச்சு. மக கல்யாணத்துல, தாய்மாமன் சீரோட வந்த வண்டி வழியில டயரு வெடிச்சு நின்னுபோச்சு. முகூர்த்தம் நிக்கல. தாய்மாமன் நிக்க வேண்டிய எடத்துல ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன நிறுத்தித் தாலி கட்டியாச்சு. சென்னியப்பன் சீர்த்தட்ட எறக்கி வெக்காமலே, நேரா இந்தப் பொடக்காளிக்கு வந்து, இதே முருங்க மரத்தடியில நின்னு, இனி உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன்னாரு. அதுக்கு அவ ஒண்ணு சொன்னா. அத அவ மறந்ததில்ல. நாச்சிமுத்து போனப்ப, பொறந்த ஊட்டுக் கோடித் துணிய வேற ஆளு கையில குடுத்து உட்டிருந்தாரு அண்ணன். பொறந்த ஊட்டுக் கோடி போடாம, புருசன் எழவுல ஒக்காந்த ஒரு பொம்பள எந்திரிக்க முடியாது. அவ அதப் பிரிச்சே பாக்காம திருப்பி அனுப்பிட்டு எந்திரிச்சுட்டா.

அந்த ஊட்டு மண்ணு அடுக்கு இப்பத் தெளிவாத் தெரிஞ்சுது அவளுக்கு. நாச்சிமுத்து போன்ல பேசுன வருசங்க மொத்தமும் மேல, அதுக்கு அடியில, எல்லாத்துக்கும் அடியில, அந்தக் கல்யாண நாளு. கோழிய சும்மா உட்டா பொழுதுக்கொரு "சாப்ட்டா"வா வெளிய வந்து, கோழி வயித்துக்குள்ள போயி, எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு அவ சொன்னது அவ கொரல்லயே ஊரு முன்னால மேல வரும். காரை போட்டா ரெண்டும் ஒண்ணாச் செத்துரும்.

வெள்ளிக்கெழம வெடியால கிட்டுசாமி கலவ மெசினோட வந்து நின்னாரு. துளசிமணி அவருக்கு டீ வெச்சுக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு மகளுக்குப் போனப் போட்டா.

"மாமன் நெம்பரு இருக்குதா?"

மக திருப்பிக் கேட்டா. "எந்த மாமாம்மா?"

"உனக்கு எத்தன மாமன்?"

"எதுக்கும்மா?"

"கோழிக்கு உமி வேணும். அங்க அரிசி மில்லு நெறையக் கெடக்குதல்ல."

உமி உள்ளூர் மில்லுலயும் கெடைக்கும், மகளுக்கும் தெரியும். நெம்பரச் சொன்னா. துளசிமணி போட்டா. அந்தப் பக்கம் எடுத்தாங்க. 

"கோழிக்குத் தரை போடணும்," ன்னா. "ஒரு சாண் கனத்துக்கு உமி வேணும்."

"எவ்வளவு எடம்?"

"முருங்க மரத்தச் சுத்தி. கூட்டுக்குள்ளயும்."

"செரி."

வெச்சுட்டாங்க. "கலவ மெசினத் திருப்பி அனுப்பீருங்க தம்பி," ன்னா கிட்டுசாமிகிட்ட.

"நங்கைங், நெசமாத்தான் சொல்றீங்களா? உமிய வெச்சு என்னத்த மூட முடியும்? காரைன்னா ஒரேயடியா முடிஞ்சுது."

"உமின்னா வேணுங்கறப்ப ஒதுக்கிக்கலாம்."

"அதத்தானுங் நானும் பயப்படறேன்," ன்னாரு அவரு. இருந்தாலும் டீயக் குடிச்சுட்டு, டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுத்தான் போனாரு.

மத்தியானம் டெம்போ வந்துச்சு. வாசல்ல நிக்கல. ஊரச் சுத்தி, சந்துல பூந்து, கிட்டுசாமி கொட்டுன ஜல்லி மேல ஏறி எறங்கி, பின்னால வந்து நின்னுச்சு. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்ன மனுசன் பொடக்காளியப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே. சென்னியப்பன் எறங்குனாரு. நரச்சுப் போயிருந்தாரு. துளசிமணியப் பாக்கல, தரையப் பாத்தாரு.

"எங்கருந்து போடோணும்?"

"மரத்தடியிலருந்து போடுங்ண்ணா."

மூட்டையத் தோள்ல ஏத்திக்கிட்டு வலைக் கதவத் தொறந்து உள்ள வந்தாரு. கோழிங்க ஒதுங்குச்சுங்க. ஒரு கருப்புக் கோழி மட்டும் ஒதுங்காம, வேரு ரெண்டாப் பிரியற எடத்துல, மழத்தண்ணி ஆழமா அரிச்சுத் தானாவே பள்ளமாக் கெடந்த எடத்துல, தலையக் குனிஞ்சு பலமா ஒரு இழுப்பு இழுத்துச்சு.

துளசிமணி கொரலு வந்துச்சு. இப்பத்தக் கொரலில்ல, அப்பத்தது, நெறையத் தெம்பு இருந்த கொரலு.

"மிதிக்காத. உன்ற கால் இங்க படவே வேண்டாம். நாளைக்கி என்ற எழவுக்கும் நீ"

சென்னியப்பன் தோள்ல இருந்த மூட்டைய அப்புடியே அது மேல கவுத்துனாரு. உமி சோன்னு விழுந்துச்சு. உமிக்கு அடியில அந்தக் கொரலு இன்னும் ரெண்டு சொல்லு சொல்லுச்சு, என்னன்னு கேக்கல. கோழி உமி மேல ஏறிக் கெளறிப் பாத்துச்சு. உமிதான் வந்துச்சு.

 அவரு தோள்ல ஒட்டுன உமியத் தட்டி உட்டாரு.

"ஒரு மூட்ட பத்தாதாட்ட இருக்குது," ன்னாரு.

"இன்னொண்ணு எடுத்தாங்ண்ணா."

எடுத்தாந்தாரு. அவ அருவாமனையில மூட்ட வாயக் கிழிச்சுக் குடுத்தா. அவரு கொட்டுனாரு, அவ காலால பரப்புனா, மரத்தச் சுத்திப் பரப்புனா, வலை ஓரம் வரைக்கும் பரப்புனா, குனிஞ்சு கூட்டுக்குள்ளயும் தள்ளி உட்டா. மதிலுக்கு மேல மயிலாத்தா தல தெரிஞ்சுது.

"என்னமோ சத்தங் கேட்டாப்புல இருந்துச்சே துளசி."

"கோழிதானுங்க்கா."

"அது யாரு, உங்கண்ணனா? வாங்க தம்பி. நல்லாருக்கறீங்களா?"

"இருக்கறனுங்," ன்னாரு சென்னியப்பன், மூட்டையத் தூக்கிக்கிட்டே.

டெம்போ காலியானப்ப, பொடக்காளி முழுக்கப் பொன்னிறமா ஒரு சாண் ஒசரத்துக்கு எந்திரிச்சிருந்துச்சு. கோழிங்க மெத்து மெத்துன்னு நடந்து பாத்துச்சுங்க, ஒண்ணு படுத்துப் பொரண்டுச்சு. நாச்சிமுத்து அதுக்கு அடியில வருசக்கணக்கா ம் ம்-முன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு, யாரும் இன்னும் முழுங்கல.

சென்னியப்பன் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு டெம்போ பக்கம் போனாரு. போனவரு கதவுல கை வெச்சுக்கிட்டு நின்னாரு.

"சாப்ட்டயா?" ன்னாரு.

நேரா அவகிட்டயே கேட்டாரு.  இத்தன வருசமா அவளுக்குப் பதிலா வேற ஒருத்தரு சொல்லிக்கிட்டிருந்தாரு.

"இன்னும் இல்லீங்ண்ணா," ன்னா. "இருங், கொண்டாறேன்."

அவரு உள்ள வர மாட்டாரு, அவளும் கூப்புடல. ரெண்டு தட்டுல சோத்தப் போட்டுப் பொடக்காளிக்கே எடுத்தாந்தா. காலிச் சாக்க மடிச்சுப் போட்டு, உமி மேல எதிரும் புதிருமா ஒக்காந்து தின்னாங்க. அவரு கொழம்புல உப்புக் கம்மின்னாரு. அவ எந்திரிச்சுப் போயி உப்புக் கொண்டாந்தா.

தின்னுக்கிட்டிருக்கறப்ப துளசிமணிக்குக் கெண்டக்கால்ல என்னமோ பண்ணுச்சு. குனிஞ்சு பாத்தா. பொடி உமி ஒட்டி, செவந்து, தடிச்சிருந்துச்சு. சோத்துக் கைய ஒதுக்கி வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால சொறிஞ்சா. சொறியச் சொறிய இன்னும் அரிச்சுது. பாதத்துல அரிச்சுது, மொழங்கால்ல அரிச்சுது, முழங்கையில அரிச்சுது.

"உமி அப்புடித்தான்," ன்னாரு சென்னியப்பன்.

அவ சொறியறத நிறுத்தல. நாச்சிமுத்து போனதுக்கப்பறம் அவ ஒடம்புக்கு மொதமொதல்ல ஒறச்சது அதுதான்.